மீன் கடையும் கைகாட்டியும்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள் ஒரு முறையேனும் நுழையாத தமிழ் மாணவர் தில்லியில் இருப்பது அரிது. மெட்ரோ நிலையத்தை விட்டு மேலே ஏறினால் சாலைக்கு ஒருபுறம் தில்லி ஹாட்; எதிர்ப்புறம் நம் மார்க்கெட். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அழைத்துச் சென்று காட்டுவதற்குத் தில்லி ஹாட். கறிவேப்பிலைக்கும் வாழையிலைக்கும் மீனுக்கும் மார்க்கெட். வஞ்சிரத்தை அங்கே 'சுர்மை' என்று கேட்க வேண்டும். கறிவேப்பிலையை 'கடி பத்தா' என்று கேட்க வேண்டும். இவ்விரண்டு சொற்களும் தெரிந்துவிட்டால் தில்லியில் பாதி வாழ்க்கை நடந்துவிடும்.

அங்கே நாம் எவ்வாறு சாமான் வாங்குகிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மீன் கடையில் மீனைத் தேர்ந்து, எடை போட்டு, துண்டு போடக் கொடுக்கிறோம். அது முடியப் பத்து நிமிடமாகும். அந்தப் பத்து நிமிடமும் நாம் அங்கேயே நின்று கத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. "பையா, வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சந்துக்குப் போகிறோம். முருங்கைக்காய் வாங்குகிறோம், இட்லி அரிசி வாங்குகிறோம், அரிசியை அளக்கச் சொல்லிவிட்டுப் பப்படம் பார்க்கிறோம். திரும்பி வரும்போது மீன் பையில் ஆயத்தமாக இருக்கிறது. ஆள் ஒருவரே, கால்கள் இரண்டே, ஆயினும் நான்கு கடைகளில் நம் வேலை ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

கணிப்பொறி நிரலில் 'அசிங்க்ரனஸ்' என்று சொல்லப்படுவது இதுவே, வேறொன்றுமில்லை. பைத்தான் மொழியில் இதற்கென அமைந்த 'அசிங்க்ஐஓ' என்னும் நூலகம் 2014-ஆம் ஆண்டில் 3.4 பதிப்போடு வந்தது. 'அசிங்க்', 'அவெய்ட்' என்னும் இரண்டு சொற்கள் 2015-இல் 3.5 பதிப்பில் மொழிக்குள்ளேயே புகுந்தன. 'அவெய்ட்' என்பதற்குப் பொருள், 'இது முடிகிறவரை நான் இங்கே நிற்கமாட்டேன். வேறு கடைக்குப் போகிறேன். முடிந்ததும் திரும்பி வருவேன்' என்பதாகும். தொலைவிலுள்ள ஒரு சர்வருக்கு வேண்டுகோள் அனுப்பிவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் வேலைகளுக்கு இம்முறை மிகவும் பொருத்தமானது. ஏனெனில் அவ்வேலைகளில் நம் கணிப்பொறி செய்வது மிகச் சிறிது, காத்திருப்பதே பெரிது.

நிற்க. இக்கட்டுரை அசிங்க்ரனஸ் முறையின் புகழ் பாட எழுந்ததன்று. அதனால் நான் செய்த ஒரு பிழையையும், அப்பிழையிலிருந்து கற்றதையும் எழுத வந்தேன். சென்ற குளிர்காலத்தில் என் ஆய்வேட்டுக்காகத் தில்லிக் காற்றின் தரவுகளை ஒரு தரவு நிலையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நிலையத்தின் பெயர் வேண்டா; பிழை அவர்களுடையதன்று. மொத்தம் 18,000 வேண்டுகோள்கள். 'ஒரு வினாடிக்குப் பத்து வேண்டுகோளுக்கு மேற்படலாகாது' என்று அவர்கள் தெளிவாக எழுதியிருந்தார்கள். நானும் அதைப் படித்தேன். படித்துவிட்டு என் நிரலில் ஒரு செமஃபோரை வைத்து, அதில் 10 என்று எழுதினேன். கடமை முடிந்ததென்று நினைத்தேன்.

செமஃபோர் என்னும் சொல் ரயில் பாதையிலிருந்து வந்தது. நம் ஊர் ரயில் நிலையங்களில் பாட்டன்மார் 'கைகாட்டி மரம்' என்றார்களே, அதுதான். கை இறங்கியிருந்தால் வண்டி போகலாம். கிடையாக நீண்டிருந்தால் நிற்க வேண்டும். டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960-களின் தொடக்கத்தில் இப்பெயரைக் கணிப்பொறிக்குள் கொண்டுவந்தார். பத்து என்று எழுதிய கைகாட்டியின் வேலை இவ்வளவே: பத்துப் பேர் உள்ளே இருந்தால் பதினோராமவரை நிறுத்திவைக்கும், ஒருவர் வெளியே வந்ததும் அடுத்தவரை உள்ளே விடும்.

பகலில் சோதித்துப் பார்த்தேன். ஒவ்வொரு விடையும் வர ஏறக்குறைய ஒரு வினாடி ஆயிற்று. பத்துப் பேர் உள்ளே. ஒவ்வொருவருக்கும் ஒரு வினாடி. ஆக வினாடிக்குப் பத்து வேண்டுகோள். சொல்லிவைத்தாற்போல் அமைந்தது. இரவு நிரலை ஓடவிட்டு உறங்கப் போனேன்.

காலையில் ஆய்வுக்கூடத்தில் மூத்த ஆராய்ச்சி மாணவியான அக்கா ஒருவர் என் மேசைக்கு வந்தார். "தம்பி, இராத்திரி ஏதாவது ஓட்டினாயா?" என்று கேட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு இரண்டு நாள்களே இருந்தன. அதே நிலையத்திலிருந்து கடைசியாகச் சில தரவுகள் அவருக்கு வேண்டியிருந்தன. எங்கள் துறைக்கு முழுவதும் வெளியுலகுக்குக் காட்டும் ஐ.பி. முகவரி ஒன்றே. அந்த முகவரியை நிலையம் ஒரு நாளைக்கு அடைத்துவிட்டது. அக்கா அன்று பகல் முழுவதும் கைபேசியின் இணைப்பை வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகத் தரவை இறக்கி முடித்தார். என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

என்ன நடந்தது? பகலில் நெரிசலாக இருந்த சர்வர் நள்ளிரவில் ஓய்ந்திருந்தது. ஒரு வினாடி ஆன விடை வினாடியில் பத்தில் ஒரு பங்கில் வந்துவிட்டது. உள்ளே இருப்பவர் அப்போதும் பத்துப் பேரே. கைகாட்டி தன் கடமையிலிருந்து சிறிதும் தவறவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் பத்து மடங்கு விரைவாக வெளியே வந்தார்கள். ஆதலால் பத்து மடங்கு விரைவாக அடுத்தவர் உள்ளே போனார்கள். வினாடிக்கு நூறு வேண்டுகோள்! பகலில் பண்போடு நடந்த அதே நிரல், ஓர் எழுத்தும் மாறாமல், இரவில் முரடனாகிவிட்டது.

இதனை ஒரு சூத்திரமாகவே சொல்லலாம். வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் 1961-இல் ஜான் லிட்டில் என்பவர் மெய்ப்பித்த விதி ஒன்றுண்டு. உள்ளே இருப்போரின் எண்ணிக்கை, வரும் வீதத்தை ஒவ்வொருவரும் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கக் கிடைக்கும் தொகைக்குச் சமம். கைகாட்டி முதலாவதை மட்டும் கட்டுகிறது. தங்கும் நேரம் சர்வரின் கையில் இருக்கிறது. ஆகவே வீதமும் சர்வரின் கைக்குப் போய்விடுகிறது. 'ஒரே நேரத்தில் எத்தனை பேர்?' என்பது ஒரு கேள்வி. 'ஒரு வினாடிக்குள் எத்தனை பேர்?' என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்கு விடையெழுதிவிட்டு இரண்டாவதற்கும் மதிப்பெண் கேட்டவன் நான்.

அறிவியல் மாணவர்களாகிய நாம் நாள்தோறும் நாடும் இடங்களிலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம். ஆர்க்கைவ் தளம் தன் ஏ.பி.ஐ. வழியே கேட்போருக்கு இரண்டு விதிகளைத் தனித்தனியே கூறுகிறது: மூன்று வினாடிக்கு ஒரு வேண்டுகோளுக்கு மேல் அனுப்பாதே, ஒரே நேரத்தில் ஓர் இணைப்புக்கு மேல் வைத்துக்கொள்ளாதே. ஒன்று வீதம், மற்றொன்று எண்ணிக்கை. உயிரியல் மாணவர்கள் நாடும் என்.சி.பி.ஐ. தரவுத்தளமோ, அனுமதிச் சாவி இல்லாதவருக்கு வினாடிக்கு 3 என்றும், சாவி பெற்றவருக்கு 10 என்றும் வீதத்தை வரையறுக்கிறது. இதற்கு மாறாக, பைத்தானில் பலரும் கையாளும் 'ஏஐஓ எச்டிடிபி' நூலகம் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரே நேரத்தில் 100 இணைப்புகள் வரை திறக்கும். அதைப் பார்த்து, 'நூலகமே கட்டுப்படுத்துகிறதே' என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. அது எண்ணிக்கைக் கட்டு, வீதக் கட்டன்று.

இனி, வீதத்தைக் கட்டுவது எப்படி? பலரும் முதலில் செய்வது, கைகாட்டிக்கு உள்ளேயே ஒரு வினாடி உறங்கச் சொல்வது. வேண்டுகோள் முடிந்த பின்னும் ஒரு வினாடி கழித்தே வெளியே வர வேண்டும் என்று வைத்துவிட்டால், பத்து இடங்களில் ஒவ்வோர் இடத்திலிருந்தும் வினாடிக்கு ஒன்றுக்கு மேல் புறப்படாது. நேர்மையாகச் சொன்னால் இது வரம்பை மீறாத வழிதான். ஆனால் விடை வர ஒரு வினாடி ஆகும் பகலில் ஒவ்வொருவரும் இரண்டு வினாடி தங்குவார்கள். வீதம் ஐந்தாகக் குறைந்துவிடும். அன்றியும் தொடக்கத்தில் பத்தும் ஒன்றாகப் பாய்ந்து, பிறகு எல்லாம் ஓய்ந்து, மறுபடி ஒன்றாகப் பாயும். அவசரத்துக்கு உதவும்; அவ்வளவே. (இங்கே உறங்குவதென்றால் அசிங்க்ஐஓ-வின் உறக்கத்தையே குறிக்கிறேன். சாதாரண 'டைம்.ஸ்லீப்' என்பதை எழுதினால் நிரல் முழுவதும் உறைந்துவிடும். மார்க்கெட்டின் நடுச்சந்தில் பையோடு கண்ணை மூடி நின்றுவிட்டவனைப் போல.)

என் இரண்டாம் முயற்சி இதைவிட அறிவாளித்தனமானது. ஆதலால் இதைவிட மோசமாக விழுந்தது. 'கடைசி வேண்டுகோள் புறப்பட்ட நேரம்' என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பணியும் அதைப் பார்க்கும். பத்தில் ஒரு வினாடி கழியவில்லையென்றால் மீதிப் பொழுதுக்கு உறங்கும். எழுந்ததும் அந்த எண்ணைத் திருத்திவிட்டுப் புறப்படும். படித்தால் குற்றம் ஒன்றும் தோன்றாது. ஓட்டினால், காத்திருந்த அத்தனையும் ஒரே நொடியில் புறப்பட்டுவிடும்.

இதன் காரணத்தை மீன் கடையிலேயே காணலாம். கடையில் ஒருவரே வெட்டுகிறார். ஒரு மீனுக்குப் பத்து நிமிடம். விடுதி நண்பர்கள் ஐவர் ஒருவர் பின் ஒருவராக அங்கே வருகிறார்கள். முதல் நண்பர், "கடைசி ஆள் எப்போது கொடுத்தார்?" என்று கேட்கிறார். "இப்போதுதான், பத்து மணிக்கு." "சரி, நான் 10:10-க்கு வருகிறேன்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு போய்விடுகிறார். இரண்டாம் நண்பர் வருகிறார், அதே கேள்வி, கடைக்காரரிடமிருந்து அதே விடை, ஏனெனில் முதல் நண்பரின் மனத்துக்குள் இருப்பது கடைக்காரருக்குத் தெரியாது. அவரும் 10:10 என்று முடிவு செய்கிறார். ஐவரும் அவ்வாறே. 10:10-க்கு ஐவரும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் விதிப்படியே நடந்தார்கள். எல்லாரும் சேர்ந்து விதியை மீறிவிட்டார்கள்.

குற்றம் எங்கே? பார்ப்பது முதலில், எழுதுவது கடைசியில், நடுவே உறக்கம். உறங்கும் பொழுதில் மற்றவர்கள் பழைய எண்ணையே பார்க்கிறார்கள். ஆகவே உறங்கப் போவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். எழுத வேண்டியதும் 'கடைசியாகப் புறப்பட்ட நேரம்' அன்று. 'இனி ஒருவர் புறப்படக்கூடிய அடுத்த நேரம்' என்பது. கடைக்காரர் ஒரு சிலேட்டில் '10:10' என்று எழுதி வைத்திருக்கிறார் என்க. முதல் நண்பர் வந்ததும், "10:10 உமக்கு" என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே அதை அழித்து '10:20' என்று எழுதிவிடுகிறார். இரண்டாமவருக்கு 10:20; சிலேட்டில் 10:30. ஐவரும் ஒரு நிமிடத்துக்குள் வந்துபோனாலும் ஐவருக்கும் ஐந்து வேறு நேரங்கள் கிடைத்துவிடும். இடம் பிடித்த பிறகு எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம்.

நிரலில் இது நான்கே வரிகள். அவற்றைத் தமிழிலேயே எழுதுகிறேன்:

இப்போது = கடிகாரம் காட்டும் நேரம்
என் நேரம் = 'இப்போது', 'சிலேட்டு' இரண்டில் பிந்தியது
சிலேட்டு = என் நேரம் + இடைவெளி
'என் நேரம்' வரும்வரை உறங்கு, பிறகு புறப்படு

வினாடிக்குப் பத்து என்றால் இடைவெளி 0.1 வினாடி. இரண்டாம் வரி ஏன் என்று கேட்கலாம். கடையில் அரைமணி நேரம் யாரும் வராமலிருந்தால் சிலேட்டில் பழைய நேரம் நிற்கும். அதையே கொடுத்தால் கழிந்துபோன நேரங்களையெல்லாம் அடுத்து வருவோர் ஒன்றாக அள்ளிக்கொள்வார்கள். கழிந்தது கழிந்ததே என்று அவ்வரி சொல்கிறது.

முதல் மூன்று வரிகளில் 'அவெய்ட்' எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அசிங்க்ஐஓ-வில் ஒரு பணி 'அவெய்ட்' என்று சொன்னால்தான் வேறொரு பணி நடுவே புக முடியும். அதுவரை மேடை அதற்கே சொந்தம். ஆகவே பார்ப்பதும் எழுதுவதும் ஒரே மூச்சில் நடந்துவிடுகின்றன. பூட்டு ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் அவ்வரிகளுக்கு நடுவே, பதிவேட்டில் ஒரு வரி எழுதுவதற்காகவேனும், ஓர் 'அவெய்ட்'டை நுழைத்துவிட்டீர்களானால் பழைய ஐந்து நண்பர்கள் மறுபடி வந்துவிடுவார்கள். இழைகள் பலவற்றை ஓட்டுகிற நிரலானால் பூட்டு வேண்டும். தனித்தனி நிரல்களாகவே ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலேட்டு ஆகிவிடும். நான்கு நிரல்கள் ஓட்டினால் வரம்பை நான்கால் வகுத்துக்கொள்வதே எளிய வழி. கடிகாரமும் பின்னோக்கிப் போகாத 'மோனோடானிக்' கடிகாரமாக இருக்கட்டும்; சுவர்க் கடிகாரத்தை இணையம் அவ்வப்போது திருத்திக்கொண்டேயிருக்கும்.

இந்த முறையில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடைவெளி சீராக இருக்கும். சேமிப்பு கிடையாது. சிறிது சேமிப்பும் வேண்டுவோர் 'டோக்கன் வாளி' என்னும் முறையைக் கையாளுவர். ஒரு வாளியில் சீரான வீதத்தில் டோக்கன்கள் விழுந்துகொண்டிருக்கும். புறப்படுகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வாளி நிறைந்துவிட்டால் மேலும் விழுவது வழிந்துவிடும். யாரும் வராத பொழுதில் சேர்ந்த டோக்கன்களைக் கொண்டு, வருகிற சிலர் உடனே புறப்படலாம். நல்ல முறையே. ஆனால் இதில் ஒரு கணக்குப் பிழைக்கு இடமுண்டு. அதை 2021-ஆம் ஆண்டின் உண்மை எண்களைக் கொண்டே காட்டுகிறேன்.

அவ்வாண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் 18 வயது முதல் 44 வரையுள்ளோர்க்குக் கொரோனாத் தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் திறந்தது. முதல் நாளிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்துகொண்டார்கள். ஊசியோ குறைவு. எந்த மையத்தில் இடம் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டேயிருக்கும் நிரல்களை நாடெங்கும் இளைஞர்கள் எழுதினார்கள். அதற்கென இருந்த பொது ஏ.பி.ஐ.க்கு ஒரு வரம்பு விதித்திருந்தார்கள்: ஓர் ஐ.பி. முகவரிக்கு 5 நிமிடத்தில் 100 வேண்டுகோள்.

அஃதாவது 300 வினாடிக்கு 100. மூன்று வினாடிக்கு ஒன்று. தில்லி அன்று 11 மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஒரு வேண்டுகோள் என்றால் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்க்க 33 வினாடி. இப்போது டோக்கன் வாளியை எடுப்போம். 'வரம்பு நூறு, ஆகவே வாளியின் கொள்ளளவு நூறு, மூன்று வினாடிக்கு ஒன்று விழட்டும்' என்று அமைப்பதே எவருக்கும் முதலில் தோன்றும். நிறைந்த வாளியோடு தொடங்குகிறோம். முதல் நொடியில் நூறும் போய்விடலாம். அதன் பின் வரும் ஐந்து நிமிடத்தில் மேலும் நூறு விழும், அவையும் போய்விடலாம். ஆக ஐந்து நிமிடத்துக்குள் இருநூறு! கொள்ளளவும், அந்தப் பொழுதுக்குள் விழுவதும் சேர்ந்துதான் நூறுக்குள் அடங்க வேண்டும். கொள்ளளவு 10 என்று வைத்தால் 300 வினாடியில் விழுவது 90-க்கு மேற்படக்கூடாது. மூன்று வினாடிக்கு ஒன்று என்பது மூன்றேகால் வினாடியும் போதாமல் மூன்றும் மூன்றில் ஒரு பங்குமாக ஆக வேண்டும். இதே போன்ற இன்னொரு பிழை, கடிகாரத்தில் ஐந்து ஐந்து நிமிடமாகக் கட்டம் பிரித்து எண்ணுவது. ஒரு கட்டத்தின் கடைசி வினாடியில் நூறும் அடுத்த கட்டத்தின் முதல் வினாடியில் நூறும் போனால், கட்டத்துக்கு நூறே. ஆயினும் இரண்டு வினாடிக்குள் இருநூறு. சர்வர் எப்படி எண்ணுகிறது என்பது நமக்குத் தெரியாதபோது கடுமையான எண்ணலையே மனத்திற்கொள்வது நலம்.

வரம்பு ஆளுக்கன்று, முகவரிக்கு என்பதையும் மறக்கலாகாது. ஒரு விடுதியில் இருபது பேர் ஒரே முகவரிக்குப் பின்னால் இருந்தால், ஆளுக்கு நிமிடத்துக்கு ஒரு வேண்டுகோள். அவ்வளவே அவர்கள் பங்கு. அவர்களுள் ஒருவர் மூன்று வினாடிக்கு ஒன்று அனுப்பினால், அவர் சட்டப்படி சரியாக நடந்துகொண்டே மற்ற பத்தொன்பது பேருக்கும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் செய்துவிடுகிறார். அந்தப் பத்தொன்பது பேருள் நிரல் எழுதத் தெரியாதவர், கையால் தட்டிப் பார்க்கிறவர், ஊரில் உள்ள தாய்க்கு இடம் தேடுகிறவர் இருக்கலாம். அக்காவின் முகம் எனக்கு இங்கேதான் நினைவுக்கு வருகிறது. மேலும் அந்தத் தரவு அரைமணி வரை பழையதாக இருக்கலாம் என்று அவர்களே அறிவித்திருந்தார்கள். அரைமணிப் பழையதாக இருக்கக்கூடிய செய்தியை மூன்று வினாடிக்கொரு முறை கேட்பதில் என்ன பெருமை?

அந்நாளில் இதற்கு ஒரு நல்ல வழியும் கண்டார்கள். சென்னையிலிருந்து ஒருவர் அமைத்த பக்கமும் டெலிகிராம் குழுக்களும் அவ்வாறானவை. ஒரே நிரல் கேட்கும். விடையை ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொள்வர். ஆயிரம் பேர் தனித்தனியே கதவைத் தட்டுவதற்குப் பதில் ஒருவர் தட்டிக் கேட்டு மற்றவர்க்குச் சொல்வது. வீதத்தைக் கட்டும் எந்தச் சூத்திரத்தையும்விட இது மேலானது என்பது என் கருத்து. நம் ஆய்வுக்கூடங்களிலும் இதைச் செய்யலாம். ஒரு முறை இறக்கிய தரவைக் கூடத்தின் வட்டில் சேமித்துவைத்தால் அடுத்தவர் அந்த வேண்டுகோளையே அனுப்ப வேண்டா. நான் இறக்க முயன்ற 18,000-இல் கணிசமான பகுதி, முந்தைய ஆண்டு மாணவர் ஒருவர் ஏற்கெனவே இறக்கிவைத்ததாகப் பின்னர் அறிந்தேன்!

இவ்வளவும் செய்த பிறகும் சர்வர் சிலபோது 'போதும்' என்று சொல்லும். அதற்குரிய எண் 429. 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான ஆர்.எஃப்.சி. 6585 என்னும் ஆவணத்தில் அந்த எண்ணுக்கு இப்பொருள் வரையறுக்கப்பட்டது. அதனோடு 'ரிட்ரை ஆஃப்டர்' என்னும் தலைப்பில் எத்தனை வினாடி கழித்து வரலாம் என்றும் சர்வர் சொல்லக்கூடும். இதைக் கேட்கும்போது இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது.

ஒன்று: மறுமுயற்சி சிலேட்டைத் தொடாமல் பக்கவாட்டில் புகுந்துவிடுவது. 429 பெற்ற பணி சிறிது உறங்கிவிட்டு நேரே மறுபடி வேண்டுகோளை அனுப்பிவிடும். அது எந்தக் கணக்கிலும் வராது. மறுமுயற்சியும் ஒரு புறப்பாடே. அதுவும் சிலேட்டில் நேரம் பெற்றே போக வேண்டும்.

மற்றொன்று சற்று நுட்பமானது. 'அறுபது வினாடி கழித்து வா' என்று சர்வர் சொன்னால் அது அந்த ஒரு பணிக்கு மட்டும் சொன்னதன்று. நம் எல்லாருக்கும் சொன்னது. ஆகவே சிலேட்டையே அறுபது வினாடி முன்னே தள்ளி எழுதிவிடலாம். ஆனால் ஏற்கெனவே நேரம் பெற்று உறங்கிக்கொண்டிருப்பவர்கள்? அவர்கள் கையில் பழைய நேரம் இருக்கிறது. கடை மூடிய செய்தி தெரியாமல் அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மூடிய கதவைத் தட்டுவார்கள். சர்வர் அதைப் பிடிவாதம் என்றே கொள்ளும். என் துறையின் முகவரி ஒரு நாளைக்கு அடைபட்டதும் இவ்விதப் பிடிவாதத்தாலேயே என்று நினைக்கிறேன். ஆகவே 'இதுவரை மூடியிருக்கிறது' என்று இன்னொரு எண்ணையும் வைத்துக்கொள்ள வேண்டும். உறக்கத்திலிருந்து எழும் ஒவ்வொரு பணியும் புறப்படுமுன் அதைப் பார்க்க வேண்டும். மூடியிருந்தால் மறுபடி சிலேட்டுக்குப் போய்ப் புதிய நேரம் பெற வேண்டும்.

சர்வர் காலம் ஒன்றும் சொல்லாவிட்டால் நாமே ஒரு வினாடி, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகலாம். அதில் சிறிது தற்செயலையும் கலக்க வேண்டும். இல்லையேல் ஒரே நேரத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஒரே நேரத்தில் திரும்பி வருவார்கள். ஈத்தர்நெட்டைப் பற்றி மெட்காஃபும் பாக்ஸும் 1976-இல் எழுதிய கட்டுரையிலேயே இக்கருத்து உண்டு. ஒரே கம்பியில் இருவர் ஒன்றாகப் பேசிவிட்டால் இருவரும் வெவ்வேறு தற்செயல் நேரம் காத்திருந்து மறுபடி பேசுவது.

கைகாட்டியைப் பற்றி இவ்வளவு குறை சொன்னேனே, அதை நீக்கிவிடலாமா? வேண்டா. சர்வர் நோயுற்று ஒவ்வொரு விடைக்கும் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலேட்டு தன் போக்கில் வினாடிக்குப் பத்துப் பேரை அனுப்பிக்கொண்டேயிருக்கும். ஒரு நிமிடத்தில் அறுநூறு பேர் உள்ளே தேங்கிவிடுவார்கள். அப்போது 'பத்துப் பேருக்கு மேல் கூடாது' என்று தடுப்பது கைகாட்டியே. இரண்டும் வேண்டும். முறை மட்டும் முக்கியம்: முதலில் கைகாட்டியைக் கடந்து உள்ளே இடம் பெற வேண்டும்; பிறகு சிலேட்டில் நேரம் பெற வேண்டும்; உடனே புறப்பட வேண்டும். மாற்றி அமைத்தால், நேரம் பெற்றவர்கள் கைகாட்டியில் மாட்டிக்கொண்டு, அது திறந்ததும் பழைய நேரங்களோடு ஒன்றாகப் பாய்வார்கள். அன்றியும், 18,000 பணிகளையும் தொடக்கத்திலேயே பிறப்பித்து வரிசையில் நிறுத்த வேண்டிய தேவையும் இல்லை. பத்துப் பணியாளரும் ஒரு வேலைப் பட்டியலும் இருந்தால் போதும். பணியாளர் பத்துப் பேரே என்பதால் கைகாட்டியும் தானாகவே அமைந்துவிடும்.

நாம் சீராக அனுப்பினாலும் வழியிலுள்ள வலைப்பின்னலில் சில வேண்டுகோள்கள் தாமதித்து, ஒன்றிரண்டு சேர்ந்து போய்ச் சேரலாம். ஆதலால் நான் பத்து என்ற வரம்புக்கு எட்டு என்றே வைத்தேன். இடைவெளி 0.125 வினாடி. 18,000-க்கு 2,250 வினாடி, அஃதாவது 37 நிமிடம் 30 வினாடி. அடைப்பு நீங்கிய பின், அக்காவின் வேலை முடிந்ததா என்று கேட்டுக்கொண்டு, ஒரு ஞாயிறு காலையில் புதிய நிரலை ஓடவிட்டு மார்க்கெட்டுக்குப் புறப்பட்டேன். சுர்மை ஒரு கிலோ வெட்டக் கொடுத்து, கடி பத்தாவும் தேங்காயும் வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பியபோது நிரல் முடிந்திருந்தது. 429 ஒன்றுகூட இல்லை. நான்கு வரிகளையும், மூடிய கதவைப் பார்க்கும் பகுதியையும் சேர்த்த முழு நிரலைச் சங்க அறையிலுள்ள கணிப்பொறியில் வைத்திருக்கிறேன், வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். இடைவெளியை மட்டும் உங்கள் நிலையத்தின் விதியைப் படித்து மாற்றிக்கொள்ளுங்கள்.